இழுவைக் கம்பியின் தொய்வும் கொள்கலனின் ஆறு இலக்கமும்

இரவில் ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நின்று சிங்கப்பூர் நீரிணையைப் பார்ப்பவர்கள், நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அப்பால் மூன்று வெள்ளை விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்ந்து செல்வதைக் காணக்கூடும். அது ஓர் இழுவைப் படகு. அதன் பின்முனையிலிருந்து, அது இழுத்துவரும் பார்ஜ் என்னும் இயந்திரமில்லாத தட்டைச் சரக்குப் படகின் கடைக்கோடி வரையிலான நீளம் 200 மீட்டரைத் தாண்டுகிறது என்பதையே மூன்றாவது விளக்கு அறிவிக்கிறது. பகலில் சாய்சதுர வடிவ அடையாளம் அதே செய்தியைச் சொல்லும். படகையும் பார்ஜையும் இணைக்கும் கம்பி நீருக்குள் மறைந்திருப்பதால், நடுவே புகுந்து கடக்க நினைக்கும் சிறுபடகுக்கு இதுவே எச்சரிக்கை.

கம்பியை விறைப்பாக வைத்திருந்தால் என்ன? எஃகுக் கம்பி அதிகம் நீளாது. அலையில் படகு முன்னே பாயும் கணத்தில் பார்ஜ் பின்தங்கினால், அந்தத் திடீர்ச் சுமை கம்பியை அறுத்துவிடும். ஆகவே அதை நீளமாக விட்டு, தன் எடையாலேயே வில்போல் தொங்கவிடுகிறார்கள். கேட்டனரி எனப்படும் இந்தத் தொய்வு, இழுவிசை கூடும்போது முதலில் நிமிர்கிறது. கனத்த கம்பியை மேலே தூக்குவதிலேயே அதிர்ச்சியின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. ஆழம் குறைந்த, நெரிசலான நீர்வழிகளில் கம்பி கடலடியில் உரசக்கூடும் என்பதால், நீளத்தைக் குறைத்து வேகத்தையும் தணிக்க வேண்டியிருக்கிறது.

இழுவைப் படகின் திறனைக் குதிரைத்திறனைவிடப் பொல்லார்ட் புல் என்ற அளவே சரியாகக் காட்டும். கரையிலுள்ள கட்டுத்தூணில் படகைப் பிணைத்து, முழு விசையில் இயக்கி, கயிற்றில் விழும் இழுவிசையை டன்னில் அளப்பார்கள். படகு ஓடத் தொடங்கியதும் இந்த விசை குறையும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இத்தொழிலில் பலரும் அஞ்சுவது கர்ட்டிங் என்னும் விபத்து: கயிறு பின்னாலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பிவிட்டால், இழுக்கப்படும் கப்பலே படகைக் கவிழ்த்துவிடும். கயிற்றை நொடியில் விடுவிக்கும் கொக்கி இதற்காகவே இருக்கிறது.

இனி சரக்குக் கப்பலுக்கு வருவோம். அதில் சரக்கை அடுக்குவதற்கு ஸ்டோவேஜ் என்று பெயர். ஒரு டன் சரக்குக்கு எத்தனை கன மீட்டர் இடம் வேண்டும் என்பது ஸ்டோவேஜ் ஃபாக்டர். இரும்புத் தாதுவுக்கு அது ஒன்றுக்கும் மிகக் குறைவு; பஞ்சுப் பொதிகளுக்குப் பல மடங்கு அதிகம்.

கொள்கலன் கப்பலில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆறு இலக்க முகவரி உண்டு. 140682 என்பதை எடுத்துக்கொள்வோம். 14 என்பது முன்முனையிலிருந்து எண்ணப்படும் பே, அதாவது கப்பலின் நீளவாக்கில் பெட்டி இருக்கும் இடம். இரட்டை எண் என்பதால் அது 40 அடிப் பெட்டி. 06 என்பது நடுக்கோட்டிலிருந்து இடப்புறம் மூன்றாவது வரிசை. 82 என்பது மேல்தளத்துக்கு மேலுள்ள முதல் அடுக்கு. பெட்டிகளை ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு, 2024இல் 4.1 கோடிக்கும் மேற்பட்ட 20 அடி அலகுகளைக் கையாண்ட சிங்கப்பூர்த் துறைமுகத்தில், இந்த எண் பிசகினால் மேலே உள்ள பெட்டிகளை எல்லாம் இறக்கி மீண்டும் ஏற்ற நேரிடும்.

கனமானவற்றை அடியில் வைத்தால் போதும் என்று பலர் எண்ணுவது பாதி உண்மைதான். ஈர்ப்பு மையம் மேலேறினால் கப்பல் மெதுவாகச் சாய்ந்து, நிமிரத் தயங்கும்; மிகவும் கீழிறங்கினாலோ வெடுக்கென்று நிமிர்ந்து, அந்த உலுக்கலில் பெட்டிகளைப் பிணைக்கும் லேஷிங் தண்டுகளும் மூலைப் பூட்டுகளும் முறியும். இந்தக் கணக்கு சரியாக வர, பெட்டியின் உண்மையான எடை தெரிந்திருக்க வேண்டும். 2007இல் ஆங்கிலக் கால்வாயில் உடல் பிளந்த எம்எஸ்சி நெப்போலி கப்பலில் எடைபோட்டுப் பார்த்த பெட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து மூன்று டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது பன்னாட்டு விதி.