முழுப் பூண்டு ஏன் மணப்பதில்லை?

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் ஒரு வீட்டுத் திண்ணையில் விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உரித்த பல் ஒன்றை முகர்ந்தேன். வாசனையே இல்லை. நகத்தால் ஒரு கீறு கீறியதும் நெடி மூக்கைத் துளைத்தது.

அந்த நெடி பல்லுக்குள் முன்கூட்டி இருந்ததில்லை, கீறிய பிறகு உண்டானது. பல்லின் சதைச் செல்களில் அல்லீன் என்ற மணமற்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது. அதை மாற்றும் அல்லீனேஸ் என்ற நொதி, நீரும் உணவும் ஓடும் குழாய்களைச் சுற்றியுள்ள வேறு செல்களில் அடைபட்டிருக்கிறது. பூச்சி கடித்தாலோ பூஞ்சை துளைத்தாலோ செல்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் அந்த நெடிக்குரிய அல்லிசின் தயார். அது கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்ள, நொதிகள் செயலிழக்கின்றன. இதே மலையில் உருளைக்கிழங்கைக் கருக்கும் நோயுயிரியைக்கூட அல்லிசின் ஆய்வகத்தில் அடக்கியிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்குமான செய்முறை மரபணுக்களில் இருக்கிறது. குளுட்டாதயோன் என்ற கந்தகச் சேர்மத்திலிருந்து தொடங்கி அல்லீன் வரை, ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. கடைசியில் கந்தகத்தோடு ஆக்சிஜனைச் சேர்ப்பது எஃப்.எம்.ஓ.1 என்ற நொதி. பல்லின் புரதத்தில் சுமார் 10 சதவீதம் அல்லீனேஸ்தான் என்றால், பூண்டு தன் காவலுக்கு எவ்வளவு செலவழிக்கிறது பாருங்கள்! 2020-இல் வெளியான பூண்டின் மரபணுத் தொகுதி நம்முடையதைப் போல 5 மடங்கு பெரியது.

உருளைக்கிழங்கின் வழி வேறு. நோயுயிரி வந்ததை உணர்ந்த பிறகுதான் அதற்கான மரபணுக்கள் விழித்து, ரிஷிட்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. செலவு மிச்சம், ஆனால் தாமதமானால் கிழங்கு போச்சு.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் பல் ஊன்றித்தான் வளர்க்கிறார்கள். மகரந்தக் கலப்பே இல்லாததால் தாயின் மரபணுக்கள் ஏறக்குறைய அப்படியே பிள்ளைக்கு வருகின்றன. எதிரியோ சும்மா இருப்பதில்லை. வெள்ளை அழுகல் நோயைத் தரும் பூஞ்சை, கடுகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகளாக மண்ணில் 20 ஆண்டுகள்கூடத் தூங்கும். அதை எழுப்புவது வெங்காயக் குடும்ப வேர்களிலிருந்து வரும் கந்தக வாசனைதான். காவலுக்கு வைத்த மணமே திருடனுக்கு வழிகாட்டுகிறது. இதையே திருப்பிப் போட்டு, பயிரில்லாத வயலில் பூண்டின் கந்தக எண்ணெயை இட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாசனையை நம்பி விழிக்கும் பூஞ்சை, பற்றிக்கொள்ள வேர் கிடைக்காமல் பட்டினியில் சாகிறது.