ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்த இசை

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் காலப்பயணத் தொடரின் முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23 மாலை பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. பிரிட்டனின் கவனமெல்லாம் அந்தச் செய்தியிலேயே இருந்தது. சில பகுதிகளில் மின்தடையும் சேர்ந்துகொண்டது. எனவே அடுத்த வாரம், இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்பாக முதலாவதையே மறுபடியும் ஒளிபரப்பினார்கள். காலப்பயணக் கதையைவிட என்னை அதிகம் வியக்கவைப்பது அதன் தொடக்க இசைதான். மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் சிந்தசைசர்கள் கடைகளுக்கு வந்திராத காலத்தில் உருவான அந்த இசையைக் கேட்டு, இன்ன வாத்தியம் என்று எவராலும் சொல்லிவிட முடியாது.

மெட்டு ரான் கிரெய்னருடையது. அதற்கு ஒலி வடிவம் தந்தவர், பி.பி.சி.யின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற ஒலிப் பட்டறையில் பணியாற்றிய டெலியா டெர்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற அவருக்கு டிக் மில்ஸ் உதவியாக இருந்தார். தாழ்ந்த சுரங்களில் அதிர்ந்து ஓடும் பின்னணிக்கு, மீட்டப்பட்ட ஒரு கம்பியின் ஒலியை அவர்கள் பதிவு செய்துகொண்டார்கள். மேலே வளைந்து செல்லும் மெட்டு, மின்சாரத்தால் சீரான ஒலியலைகளை எழுப்பும் அலையியற்றிகளிலிருந்து எடுக்கப்பட்டது.

ஒலிநாடா என்பது இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் பட்டை. ஒலியின் ஏற்ற இறக்கங்கள் அதன்மீது காந்தப் பதிவுகளாக வரிசையாகப் படிந்திருக்கும். பதிவு செய்த வேகத்தைவிட விரைவாக அதை ஓட்டினால், அதே அலைகள் குறைந்த நேரத்தில் இயந்திரத்தின் காந்தமுனையைக் கடந்து செல்வதால் அதிர்வெண் கூடும். வேகத்தை இரட்டித்தால் மத்திய ஸட்ஜம் தார ஸட்ஜமாகிவிடும். ஒரு ஸ்தாயியின் 12 சுரஸ்தானங்களில் ஒரு படி மட்டும் ஏற வேண்டுமானால், வேகத்தை ஏறத்தாழ 6 சதவீதம் கூட்டினால் போதும். ஆகவே ஒரே ஒரு கம்பியின் ஒரே ஒரு மீட்டலிலிருந்து தேவையான சுரங்கள் அனைத்தையும் எடுத்துவிடலாம்.

ஆனால் மாறுவது சுருதி மட்டுமல்ல. நம் காது ஒரு வாத்தியத்தை இனங்காண்பதற்கு, ஒலி எழும் அந்த முதல் நொடித்துளியும் பின்னர் அது தேய்ந்து அடங்கும் விதமும் பெரிதும் துணைசெய்கின்றன. நாடாவின் வேகத்தை மாற்றும்போது இவையும் சேர்ந்தே சுருங்குகின்றன, அல்லது நீள்கின்றன. மீட்டிய கம்பிதான் என்று ஒரு கணம் தோன்றினாலும், உலகில் எந்தக் கம்பியும் அப்படி எழுந்து அப்படி அடங்குவதில்லை. அந்த இசை வேற்றுலகத்தது போல ஒலிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

இனி வருவது பொறுமைக்கான வேலை. நொடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் அரை நொடிச் சுரம் என்றால் 19 செ.மீ. துண்டு, தாளம் என்பதே இங்கே அளவுகோல் சமாச்சாரம்தான். ஒவ்வொரு சுரத்தையும் அளந்து, பிளேடால் சாய்வாக வெட்டி, அடுத்த துண்டோடு ஒட்டவேண்டும். நேராக வெட்டினால் இணைப்பில் 'டிக்' என்ற ஓசை எழும். சாய்வு வெட்டில் ஒரு சுரம் மங்கும்போதே அடுத்தது தலைதூக்கிவிடுகிறது. பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் வசதி அங்கே இல்லாததால், தனித்தனி நாடாக்களை வெவ்வேறு இயந்திரங்களில் ஏற்றி, ஒரே சமயத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். ஓரிடத்தில் பிசிறு தட்டியபோது, லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவின் நீண்ட நடைபாதையில் நாடாக்களை அருகருகே விரித்து, வரிசையில் ஒத்துவராத இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்ததாக டிக் மில்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இத்தனை உழைப்புக்கும் திரையில் டெர்பிஷயரின் பெயர் வரவில்லை. வருமானத்தில் அவருக்குப் பங்கு தர கிரெய்னர் விரும்பியும், பி.பி.சி.யின் விதிகள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. தொடரின் 50ஆம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில், 2013இல்தான், அவர் பெயர் திரையில் இடம்பெற்றது. அவர் 2001இலேயே காலமாகியிருந்தார்.

டார்டிஸ் என்ற காலப்பயணப் பெட்டி கிளம்பும் ஓசையும் அதே பட்டறையில் பிறந்ததுதான். அங்கே பணியாற்றிய பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் தடித்த கம்பிகள்மீது வீட்டுச் சாவியைத் தேய்த்துப் பதிவு செய்தார். பியானோவுக்கே உரிய சுத்தியல் அடி அதில் இல்லை; செம்பு சுற்றிய கம்பியில் சாவி உராயும் கரகரப்பு மட்டுமே உண்டு. அதன் எதிரொலியை நாடா வழியே திரும்பத் திரும்பச் சுழலவிட்டதும், அந்த உராய்வு ஒரு பெரிய இயந்திரத்தின் மூச்சிரைப்பாக மாறிவிட்டது.