அச்சிட்ட பாகம் பறக்கும் முன்

மெட்டல் 3டி பிரின்டிங், அதாவது உலோகப் பவுடரை அடுக்கடுக்காக உருக்கிப் பாகம் செய்வது, செய்து தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகளை இப்போது ஓசூர், கோவை, சென்னைப் பக்கமெல்லாம் பார்க்கிறேன். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்த பிறகு, ஆட்டோமொபைலுக்கும் பம்புக்கும் ஜாப் ஒர்க் செய்துவந்தவர்கள்கூட விமானம், ராக்கெட், ராணுவம் என்று ஆர்டர் தேடுகிறார்கள். நல்ல விஷயம்தான். அச்சிட்ட உலோகப் பாகங்களைச் சோதித்து, ஏற்கலாமா வேண்டாமா என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு மெஷினைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது. மெஷினுக்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டியதைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியவில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்தின் பலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கமே சாட்சி இருக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலைக்கான பிஎஸ்4 எஞ்சினை, அச்சிடுவதற்கு ஏற்றபடி இஸ்ரோ மறுபடி வடிவமைத்தது. 14 பாகங்கள் ஒன்றாயின. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமலே போயின. முன்பு ஒரு எஞ்சினுக்கு 565 கிலோ உலோகம் தேவைப்பட்டது, இப்போது 13.7 கிலோ பவுடர் போதும். தயாரிக்கும் நேரமும் 60 சதவீதம் குறைந்தது. அச்சிட்டது பெங்களூரு விப்ரோ 3டி. 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் அதை 665 விநாடி எரித்துக் காட்டினார்கள்.

செய்திகளில் அந்த 665 விநாடிதான் வந்தது. எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு முன்னால் நடந்தது. முதலில் எரிபொருளை உள்ளே பீய்ச்சும் இன்ஜெக்டர் தலையை மட்டும் தனியாக எரித்துப் பார்த்தார்கள். பிறகு வெப்பம், ஓட்டம், அழுத்தம் எல்லாவற்றையும் கணினியில் கணக்கிட்டார்கள். எரிக்காமல் திரவத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். முழு எஞ்சினை நான்கு முறை, எல்லாம் சேர்த்து 74 விநாடி எரித்தார்கள். அதற்கப்புறம்தான் 665. அதே மாதம் 30ஆம் தேதி, சென்னையின் அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. அதற்கு முன் பலமுறை ஏவுதலைத் தள்ளிவைத்தார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துவது இந்தத் துறையில் அன்றாடம்.

ஏன் இத்தனை சோதனை? உலோகக் கம்பியையோ, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங்கையோ வாங்கிக் கடைந்தால், உலோகத்தின் குணத்துக்கு ஆலை பொறுப்பு. ஆலையே சோதித்துத் தரும் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கூடவே வந்துவிடும். வடிவம் மட்டும் நம் பொறுப்பு. பவுடர் படுக்கையில் லேசரால் அச்சிடும்போது உலோகமே நம் பட்டறையில்தான் பிறக்கிறது. 30 முதல் 60 மைக்ரான் வரை கனமுள்ள அடுக்குகள், ஆயிரக்கணக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக உருகி ஒட்டுகின்றன. லேசர் சக்தி ஒரு இடத்தில் குறைந்தால் இரண்டு அடுக்குகள் சரியாக ஒட்டாமல் தட்டையான இடைவெளி நிற்கும். கூடினால் உருகிய குழி ஆழமாகி, மூடும்போது உள்ளே குமிழி தங்கும். வெளி அளவுகளை அளக்கும் வெர்னியரும் சி.எம்.எம். மெஷினும் இதைக் காட்டாது. பாகம் வெளியே பளபளவென்று இருக்கும். ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்த பிறகு அந்த இடத்திலிருந்து விரிசல் கிளம்பும்.

உருகி ஆறும்போது உலோகத்துக்குள் இழுவிசையும் தங்கிவிடும், அதுதான் உள்தகைவு. அதனால்தான் பாகம் ஒட்டி நிற்கும் பில்ட் பிளேட்டிலிருந்து ஒயர்கட் மெஷினில் அறுப்பதற்கு முன்பே உள்தகைவு நீக்க வெப்பப் பதப்படுத்தல் வேண்டும் என்கிறோம். அவசரத்தில் முதலில் அறுத்தால் பாகம் கண்முன்னே வளையும். முக்கியமான பாகங்களை அப்புறம் ஆர்கான் வாயுவில், அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்து உள்ளே இருக்கும் துளைகளை மூட வைக்கிறோம். டைட்டானியத்துக்கு இது சுமார் 920 டிகிரி செல்சியஸ், 1,000 பார் அழுத்தம், இரண்டு மணி நேரம். அதற்கும் மேல் சி.டி. ஸ்கேன். கொட்டேஷனில் அச்சிடும் செலவை மட்டும் போட்டு ஆர்டர் எடுப்பவர்கள், இந்த இடத்தில்தான் நஷ்டப்படுகிறார்கள், அல்லது வேலையைக் குறைக்கிறார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

ஒருமுறை ஒரு சப்ளையர் அனுப்பிய டைட்டானியம் பிராக்கெட்டுகளை நிறுத்தி வைத்தேன். அளவெல்லாம் துல்லியம். “டிராயிங்ல இருக்கிறது எல்லாமே சரியா வந்திருக்கே சார், அப்புறம் ஏன் நிறுத்துறீங்க?” என்று அங்கிருந்து வந்த இளம் பொறியாளர் கேட்டார். எந்த லாட் பவுடர், எத்தனையாவது முறை பயன்படுத்தியது என்று கேட்டேன். பதிவேடு இல்லை. மிச்சப் பவுடரைச் சலித்துப் புதியதோடு கலந்துவிடுவோம் என்றார். சலிப்பது தவறில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் டைட்டானியம் பவுடர் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். டைட்டானியம் கலவை வகைகளில் கிரேடு 23க்கு ஆக்ஸிஜன் வரம்பு 0.13 சதவீதம், கிரேடு 5க்கு 0.20. கணக்கு வைக்காவிட்டால் எந்த நாளில் வரம்பைத் தாண்டினோம் என்று யாருக்கும் தெரியாது.

பாகங்களோடு சேர்த்து அதே பிளேட்டில் அச்சிட்ட சோதனைக் கம்பிகளை, உடையும் வரை இழுத்துப் பார்க்கும் டென்சைல் டெஸ்டுக்கு அனுப்பினோம். வலிமை எண் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தே வந்தது. அவர் முகம் மலர்ந்தது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நீட்சி சதவீதத்தை, உடையும் முன் எவ்வளவு நீண்டது என்பதை, பாருங்கள் என்றேன். அது வரம்புக்குக் கீழே இருந்தது. ஆக்ஸிஜன் ஏறிய டைட்டானியம் இப்படித்தான் ஏமாற்றும்: கடினமாகும், கூடவே வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கும். மொத்த லாட்டும் போயிற்று. அந்தப் பொறியாளர் இப்போது ஒவ்வொரு பவுடர் டப்பாவுக்கும் அட்டை மாட்டி, எத்தனை முறை ஓடியது என்று எழுதி வைக்கிறார். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பொருள் எது என்று தெரியாமல் பறந்தால் என்னவாகும் என்பதற்கு அண்மையில் ஒரு உதாரணம் வந்தது. 2025 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில் இறங்க வந்த கோஸி மார்க் 4 என்ற சிறு விமானத்தின் எஞ்சின் சக்தியை இழந்தது. விமானம் விழுந்து சேதமானது, விமானிக்குச் சிறு காயம். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட வளைகுழாய் ஒன்று இருந்தது. சூட்டில் இளகி அது உள்நோக்கி மடிந்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு விமானக் கண்காட்சியில் வாங்கிய குழாய். கார்பன் இழை கலந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக், இளகும் வெப்பநிலை 105 டிகிரி என்று வாங்கியவர் நம்பியிருந்தார். பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு அதிலிருந்து மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. 52.8 டிகிரியிலும் 54 டிகிரியிலும் இளகின. சொந்தமாகக் கட்டிய விமானம், பிளாஸ்டிக் பாகம், நமக்கும் இதற்கும் என்ன என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். சொன்ன பொருளும் இருந்த பொருளும் வேறு, இடையில் யாரும் சோதிக்கவில்லை. நான் நிறுத்தி வைத்த பிராக்கெட்டின் கதையும் அதேதான்.

ராணுவத்தில் இந்த அச்சிடும் முறை வேகமாகப் பரவுவதற்கு வேறு காரணமும் உண்டு. பழைய விமானத்துக்கும் கப்பலுக்கும் உதிரிபாகம் செய்தவர்கள் கடையை மூடியிருப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தால்தான் வார்ப்படம் போடுவோம் என்பார்கள். இரண்டே பாகம் வேண்டும் என்றால் அச்சிடுவதுதான் வழி. அமெரிக்கக் கடற்படை 2016 ஜூலையிலேயே வி-22 ஆஸ்ப்ரே விமானத்தில், எஞ்சினைத் தாங்கும் இடத்தில், அச்சிட்ட டைட்டானியம் இணைப்பை மாட்டிப் பறந்து பார்த்தது.

அச்சிடும் முறையில் கணினியில் இருக்கும் டிராயிங் ஃபைல்தான் வார்ப்படம். அதே 2016இல் இஸ்ரேல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு டிரோனின் விசிறி ஃபைலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு வெற்றிடங்களைப் புகுத்திக் காட்டினார்கள். அச்சிட்ட விசிறி வெளியே அச்சு அசலாக இருந்தது. பறந்த சிறிது நேரத்தில் உடைந்து டிரோன் விழுந்தது. இதைத் தெரிந்தும் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ராணுவ ஆர்டர் எடுக்கும் பட்டறையில் அது கூடவே கூடாது. மெஷினோடு இணைந்த கணினியில் இன்டர்நெட் வேண்டாம். யாருடைய பென்டிரைவும் அதில் ஏறக்கூடாது.

கடைசியாக, வேலை செய்கிற ஆட்களின் உயிர். டைட்டானியம், அலுமினியம் பவுடர்கள் தீப்பிடிக்கும், காற்றில் பறந்தால் வெடிக்கும். 2013 நவம்பரில் அமெரிக்காவின் வோபர்ன் நகரில் ஒரு மெட்டல் பிரின்டிங் பட்டறையில் இப்படி நடந்த விபத்தில் ஒரு தொழிலாளி கடுமையாகத் தீக்காயம் பட்டார். உலோகத் தீயை அணைக்கும் டி வகை சிலிண்டர்கூட அங்கே இருக்கவில்லை. நம் ஊரில் தீ என்றால் கை உடனே தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகும். எரியும் டைட்டானியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளியாகி இன்னும் மோசமாகும். எனவே மெஷின் வரும் முன்பே டி வகை சிலிண்டர் வந்திருக்க வேண்டும், தரை இணைப்பு (எர்த்திங்) போட்டிருக்க வேண்டும். உலோகத்தூளுக்கென்றே செய்த வேக்யூம்தான் வாங்க வேண்டும். சாதாரணமானதில் உறிஞ்சினால் அதன் மோட்டார் பொறியே போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான வேளை மெஷினின் புகை ஃபில்டரை மாற்றுவது. அதில் படியும் உலோகப் புகைக்கரி, பவுடரைவிட நுண்ணியது. மெஷினுக்குள் நிரப்பியிருக்கும் ஆர்கானிலிருந்து வெளியே எடுத்துக் காற்று பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். மெஷின் கம்பெனி கொடுத்த முறைப்படி, முழுப் பாதுகாப்பு உடையோடு, பயிற்சி பெற்ற இரண்டு பேராகத்தான் அதைச் செய்ய வேண்டும். இரவு ஷிஃப்டில் இருக்கும் புதுப் பையனிடம் “தம்பி, நீயே மாத்திடு” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.