ஒட்டிப்புகு ஈ.கோலை: சொல் விளக்கம்

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் பற்றிய மருத்துவக் கட்டுரைகளில் ‘ஏஐஇசி’ என்ற சுருக்கம் அடிக்கடி வரும். ‘அட்ஹெரென்ட் இன்வேசிவ் எஸ்செரிச்சியா கோலை’ என்பதன் முதலெழுத்துகள் இவை. குடல் செல்லின்மேல் ஒட்டி, பிறகு அதற்குள்ளேயே புகுந்து பிழைத்திருக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு வகையை இது குறிக்கிறது. பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் ஆர்லெட் டார்ஃபெய்-மிஷோ தலைமையிலான குழு, குரோன் நோயாளிகளின் சிறுகுடல் கடைப்பகுதியில் ஒட்டியிருந்த ஈ.கோலையை 1998இல் விவரித்தது. அவற்றுள் எல்எஃப்82 என்ற வகை செல்லுக்குள் புகுவதை 1999இல் காட்டி, இந்தப் பெயரையும் இட்டது.

‘அட்ஹேரேரே’ என்ற லத்தீன் வினைக்கு ஒட்டிக்கொள்வது என்று பொருள். ‘இன்வாடேரே’ என்பதில் ‘இன்’ உள்ளே, ‘வாடேரே’ செல்வது. 1885இல் குழந்தைகளின் மலத்திலிருந்து இந்தக் கிருமியை விவரித்த மருத்துவர் தியோடர் எஷெரிஷின் பெயரே ‘எஸ்செரிச்சியா’ ஆயிற்று. அந்தப் பேரினப் பெயரை 1919இல் சூட்டிய கஸ்டெல்லானி, சால்மர்ஸ் இருவருமே கொழும்பில் பணியாற்றியவர்கள். ‘கோலை’ என்றால் பெருங்குடலுக்குரியது. ஆனால் நாம் பேசும் வகை பெரிதும் பேசப்படுவது, சிறுகுடலின் கடைப்பகுதியான, இலியம் எனப்படும் சுருட்குடலில்.

தமிழில் ‘ஒட்டுண்ணி ஈ.கோலை’ என்று எழுதுவது தவறு. ஒட்டுண்ணி என்பது வேறொரு உயிரைச் சார்ந்து உண்டு வாழ்வது. இங்கே சொல்ல வேண்டியது ஒட்டும் தன்மையை மட்டும்தான். ‘ஆக்கிரமிக்கும்’ என்பதில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்தான் இருக்கிறது, உள்ளே போகும் பொருள் இல்லை. ‘ஊடுருவும்’ பரவலாக வழங்குகிறது, பிழையில்லை. ஆனாலும் ஊடு உருவுவது என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை செல்வது. இந்த பாக்டீரியா செல்லுக்குள் போய் அங்கேயே தங்குகிறது. ஆகவே ‘ஒட்டிப்புகு ஈ.கோலை’ என்பதே பொருத்தம். அது குடல்சுவரைக் கடந்து போவதைச் சொல்லும்போது ‘ஊடுருவல்’ என்று எழுதலாம்.

ஒட்டுதல் எப்படி நடக்கிறது? பாக்டீரியாவின் உடலெங்கும் ‘ஃபிம்ப்ரியா’ என்ற மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். லத்தீனில் இதற்குக் குஞ்சம் என்று பொருள், ‘ஒட்டிழை’ எனலாம். முதல் வகை ஒட்டிழையின் நுனியில் ஃபிம்ஹெச் என்ற புரதம் இருக்கிறது. மானோஸ் என்ற சர்க்கரை சரியாக அமர்கிற குழிவு அதில் உண்டு. சுருட்குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள சீயாகேம்-6 என்ற புரதத்தின் சர்க்கரைக் கிளைகளை அது பற்றிக்கொள்கிறது. குரோன் நோயாளிகளின் சுருட்குடலில் இந்த சீயாகேம்-6 இயல்பைவிட அதிகம். அழற்சியின்போது சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதங்கள் இரண்டும் அதைக் கூட்டுகின்றன; பாக்டீரியா ஒட்டினாலும் கூடுகிறது. அழற்சி வளர வளர ஒட்டுமிடம் பெருகுகிறது, ஒட்டுமிடம் பெருகப் பெருக அழற்சி வளர்கிறது. இந்தச் சுழற்சிதான் விஷயத்தின் மையம். நீள் துருவ ஒட்டிழை என்ற இன்னொரு வகை, பேயர் திட்டுகள் என்ற குடல்சுவரின் நோயெதிர்ப்புத் திசுக்களின் மேலுள்ள எம் செல்களைப் பற்ற உதவுகிறது. அந்த வழியாக பாக்டீரியா குடல்சுவரைக் கடக்கிறது.

ஒட்டிய இடத்தில் செல்சவ்வு மடிப்பாக நீண்டெழுந்து பாக்டீரியாவைச் சுற்றி மூடிக்கொள்கிறது. செல்லின் ஆக்டின் இழைகளும் நுண்குழாய்களும் இயங்கினால்தான் இது நடக்கும்.

‘புகு’ என்ற சொல்லுக்கு ஆய்வகத்தில் திட்டமான அளவு உண்டு. வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களுடன், செல் ஒன்றுக்கு 10 வீதம் பாக்டீரியாவைச் சேர்த்து 3 மணி நேரம் விடுவார்கள். கழுவிய பின், மில்லி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் என்ற பாக்டீரியா கொல்லி மருந்தைச் சேர்த்து 1 மணி நேரம் வைப்பார்கள். இந்த மருந்து செல்சவ்வை எளிதில் தாண்டாது. வெளியே உள்ளவை மடியும், உள்ளே போனவை பிழைக்கும். பிறகு செல்களை டிரைட்டன் எக்ஸ்-100 கரைசலால் உடைத்து, அகார் தட்டில் பரப்பி, வளரும் காலனிகளை எண்ணுவார்கள். சேர்த்ததில் 0.1 சதவீதமாவது பிழைத்திருந்தால் அது புகும் வகை. ஒட்டுதலுக்கு, செல் ஒன்றுக்குச் சராசரியாக ஒரு பாக்டீரியாவாவது இருக்க வேண்டும். எடுத்துக்கொண்ட வகை ஜென்டாமைசினுக்கு மசியாததாக இருந்தால் வெளியே இருப்பவையும் பிழைத்து, எண்ணிக்கை பொய்யாக ஏறிவிடும். அதை முன்பே சோதித்துவிட வேண்டும்.

ஒட்டுதல், புகுதல் தவிர, ஏஐஇசி எனப்பட மூன்றாவது நிபந்தனை, கிருமிகளை விழுங்கி அழிக்கும் பெருவிழுங்கி என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள்ளும் சாகாமல் பெருகுவது. சாதாரண ஈ.கோலையைக் கொன்று செரிக்கும் அமிலப் பைக்குள்ளேயே இது இனம்பெருக்குகிறது. அந்தச் செல்லும் சாகாமல் டிஎன்எஃப்-ஆல்ஃபாவைச் சுரந்தபடியே இருக்கிறது. நாட்2, ஏடிஜி16எல்1 போன்ற மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களுக்கு, உள்ளே வந்த கிருமியை அழிக்கும் திறன் குறைகிறது.

இந்த வகைக்கே உரிய மரபணு அடையாளம் எதுவும் இல்லை. அதனால் மல வளர்ப்பு அறிக்கையில் ‘ஈ.கோலை வளர்ந்தது’ என்றிருப்பதை வைத்து ஏஐஇசி என்று முடிவுகட்ட முடியாது, ஈ.கோலை எல்லார் குடலிலும் உண்டு. கண்டறிய சுருட்குடலிலிருந்து எடுத்த திசுத்துண்டும், மேலே சொன்ன செல் சோதனைகளும் வேண்டும். அப்போதும் இருப்பதே நோய் ஆகாது. 2004இல் வெளியான ஆய்வில், குரோன் நோயாளிகளின் சுருட்குடலில் நாள்பட்ட புண்களில் 21.7 சதவீதத்திலும், அந்நோய் இல்லாதவர்களில் 6.2 சதவீதத்தினரிடமும் இது காணப்பட்டது.