கிராபிக்ஸ் கார்டு 8 ஜிபி, பிராசசருக்கு எட்டுவது எவ்வளவு?

8 ஜிபி கார்டைப் பொருத்தினால் அந்த 8 ஜிபியும் பிராசசரின் கைக்கு நேரடியாக எட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருளில்) ‘அபவ் 4ஜி டீகோடிங்’, ‘ரீசைசபிள் பார்’ என்ற இரண்டு அமைப்புகள் அணைந்திருந்தால், பெரும்பாலும் எட்டுவது 256 எம்பி ஜன்னல் மட்டுமே. ஜன்னல் என்பது கார்டின் நினைவகத்தில் பிராசசர் ஒரே நேரத்தில் தொடக்கூடிய பகுதி.

இந்த ஜன்னல் பழைய கதை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் முகவரி இடமே, அதாவது பிராசசர் எட்டக்கூடிய மொத்த நினைவக எல்லையே, 1 எம்பிதான். முதல் 640 கேபி நிரல்களுக்கு, அடுத்த 128 கேபி திரைக்கு. 1987இல் வந்த விஜிஏ என்ற திரைத் தரத்தில் 320×200, 256 நிறப் படத்துக்கு 64,000 பைட். 64 கேபி ஜன்னலில் கச்சிதமாக அடங்கியது. 640×480 ஆனதும் 3,07,200 பைட், ஐந்து துண்டுகள். 103ஆவது வரியில் 256 புள்ளிகள் வரைந்ததுமே ஜன்னல் தீர்ந்துவிடும். அங்கே நிறுத்தி, பேங்க் மாற்றி (ஜன்னலை அடுத்த துண்டுக்கு நகர்த்தி), மிச்சத்தை வரைய வேண்டும். மாற்றாவிட்டால் மீதி வரி திரையின் மேல்மூலையில் போய் விழும். பேங்க் மாற்றும் முறையோ சிப்புக்குச் சிப்பு வேறு. 1994இல் வந்த வெசா விபிஇ 2.0 என்ற பொதுத் தரம் படம் முழுவதையும் ஒரே தொடர் முகவரியில் தந்தபிறகுதான் நிரலாளர்கள் மூச்சுவிட்டார்கள்.

கார்டுகளை இணைக்கும் பிசிஐ ஸ்லாட் காலத்தில் ஜன்னல் 4 ஜிபி எல்லைக்குக் கீழே உட்கார்ந்தது. 32-பிட் விண்டோஸில் 4 ஜிபி ராம் போட்டும் 3 ஜிபி சொச்சமே தெரிந்ததற்கு, கார்டுகளுக்கு ஒதுக்கிய இந்த முகவரிகளே காரணம். ராமில் பழுது எதுவும் இல்லை. ஜன்னலைப் பெரிதாக்கும் ரீசைசபிள் பார் 2008இலேயே பிசிஐயின் வாரிசான பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தில் சேர்ந்தது. வீட்டுக் கணினிகளில் பரவலானது 2020க்குப் பிறகுதான்.

உங்கள் கணினியில் பார்க்க: டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ரிசோர்சஸ். ‘லார்ஜ் மெமரி ரேஞ்ச்’ இருந்தால் ஜன்னல் பெரிதாகத் திறந்திருக்கிறது.

இல்லையென்றால் அவசரப்பட்டு பயாஸுக்குள் போகாதீர்கள். ரீசைசபிள் பார் வேலை செய்ய சிஎஸ்எம் (பழைய பயாஸ் முறையில் பூட் செய்யவைக்கும் அமைப்பு) அணைந்திருக்க வேண்டும். விண்டோஸ் வட்டு எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருக்கும்போது சிஎஸ்எம்மை அணைத்தால் கணினி பூட் ஆகாது. முதலில் பேக்கப். பிறகு, வட்டை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றும் விண்டோஸின் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை ‘வேலிடேட்’ செய்து பார்த்து, பிழை இல்லையென்றால் மட்டும் ‘கன்வெர்ட்’. அதன்பின் சிஎஸ்எம்மை அணைத்து, ‘அபவ் 4ஜி டீகோடிங்’, ‘ரீசைசபிள் பார்’ இரண்டையும் இயக்குங்கள். யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) ஆதரவில்லாத பழைய கார்டு என்றால் திரை கறுப்பாகவே நிற்கும். அதில் இதைத் தொடவே வேண்டாம்.

பயாஸ் அப்டேட் செய்தாலோ மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரியை மாற்றினாலோ இந்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். அப்போது மறுபடி அந்த ரிசோர்சஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.