ஒரு ரத்துக்கு இரண்டு வரி: கம்பைலரைத் திட்டுவதற்கு முன்

"இது கம்பைலர் பக்தான்" என்று டீமில் யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சொன்னவர் மேல்தான். காரணம், நானே ஒருமுறை அப்படிச் சொல்லி, பக் ரிப்போர்ட்டைக்கூட பாதி அடித்து வைத்திருந்தேன்.

ஜாவாவின் விரிவாக்க மொழியான ஆஸ்பெக்ட்ஜே விவகாரம் அது. ஆடிட், லாகிங் மாதிரி எல்லா கிளாஸிலும் தலைநீட்டும் வேலையைத் தனியே ஓர் ஆஸ்பெக்ட்டாக எழுதிவிட்டால், அதன் ஏஜேசி கம்பைலர் அதைத் தேவையான இடங்களின் பைட்கோடில் (கம்பைல் ஆன ஜாவா கோடில்) நெய்துவிடும். ஜெராக்ஸ் பார்க்கில் கிரெகர் கிச்சாலஸ் குழு உருவாக்கியது, பிறகு எக்லிப்ஸுக்குப் போனது. பல வருடம் அடிபட்ட சரக்கு.

நாங்கள் அதற்கு முன்பு, ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் இதே வேலையைச் செய்யும் ஸ்பிரிங் ஏஓபியில் இருந்தோம். அதில் ஒரு மெத்தட் அதே கிளாஸில் உள்ள இன்னொரு மெத்தடைக் கூப்பிட்டால் ப்ராக்ஸி (ஆப்ஜெக்டுக்கு முன்னால் நிற்கும் இடைத்தரகர்) வழியாகப் போகாது, அட்வைஸும் (ஆஸ்பெக்ட்டில் நாம் எழுதிய கோடு) ஓடாது. அந்தத் தொல்லைக்காகத்தான் மாறினோம். மாறிய வாரமே ஆடிட் டேபிளில் ஓர் ஆர்டர் ரத்துக்கு இரண்டு வரி. அதுவும் எப்போதும் இல்லை! அப்ளிகேஷனுக்குள்ளிருந்து ரத்து செய்தால் இரண்டு, தனி ஜாராக (ஜாவா பேக்கேஜ் ஃபைலாக) இருந்த ராத்திரி பேட்ச் வழியாக அதே மெத்தட் ஓடினால் ஒன்று. கோடில் ஒரு எழுத்து மாறவில்லை, முடிவு மட்டும் மாறுகிறது என்றால் யாருக்குத்தான் கம்பைலர் மேல் கை நீளாது? கிளீன் பில்ட், வேறு வெர்ஷன், வேறு லேப்டாப் என்று இரண்டு நாள் போனது.

கடைசியில், அட்வைஸ் எந்த இடத்தில் ஓடுகிறது என்று சொல்லும் திஸ்ஜாயின்பாயிண்ட்டை அட்வைஸுக்குள் பிரின்ட் செய்து பார்த்தேன். முதல் வரி 'கால்' என்று ஆரம்பித்தது, அடுத்தது 'எக்ஸிகியூஷன்' என்று. அவ்வளவுதான் கதை. அட்வைஸ் எங்கெல்லாம் ஓட வேண்டும் என்று சொல்வது பாயிண்ட்கட்; எங்கள் பாயிண்ட்கட்டில், மெத்தட் மேல் ஒட்டும் குறியான அனோடேஷன் மட்டும்தான் இருந்தது. ஸ்பிரிங் ஏஓபிக்கு எக்ஸிகியூஷன் ஒன்றுதான் தெரியும், அதனால் அங்கே அது போதும். ஆஸ்பெக்ட்ஜேவுக்கோ மெத்தடைக் கூப்பிடும் இடமும் (கால்) ஒரு ஜாயின் பாயிண்ட், அதாவது அட்வைஸ் ஏறக்கூடிய இடம், மெத்தட் ஓடும் இடமும் (எக்ஸிகியூஷன்) ஒன்று, அனோடேஷன் இரண்டிலும் பொருந்தும். கால் என்பது கூப்பிடுகிறவரின் கிளாஸில் நெய்யப்படுவது. பேட்ச் ஜாரை நாங்கள் நெய்யவே இல்லை, அதனால்தான் அங்கே ஒரு வரி. பாயிண்ட்கட்டில் எக்ஸிகியூஷனையும் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

முதல் நாளே, பைட்கோடைப் படிக்கும்படி காட்டும் ஜாவாபி கருவி கொண்டு கூப்பிடுகிற கிளாஸைப் பிரித்துப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை: ரத்து மெத்தடுக்குப் போகும் இன்வோக் வரிக்குச் சற்று மேலே 'ஆஸ்பெக்ட்ஆஃப்' என்று ஆஸ்பெக்ட்டை எடுக்கும் வரி அப்படியே தெரியும். அதுகூட வேண்டாம் என்றால் ஷோவீவ்இன்ஃபோ ஆப்ஷன் போட்டுக் கம்பைல் செய்யுங்கள், எந்த வரியில் எந்த அட்வைஸ் ஏறியது என்று கம்பைலரே சொல்லும். எதுவுமே ஏறாத அட்வைஸுக்கு 'அட்வைஸ் டிட் நாட் மேட்ச்' என்று வார்னிங் வரும், அதைத்தான் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, உண்மையான பக் வராதா? வரும். ஏஜேசியே நடுவில் விழுந்து 'ஏஜேகோர்' என்று ஆரம்பிக்கும் ஒரு ஃபைலைப் போட்டுவிட்டுப் போனாலோ, கம்பைல் ஒழுங்காக முடிந்து கிளாஸ் லோட் ஆகும்போது வெரிஃபைஎரர் (பைட்கோடு செல்லாது என்ற பிழை) வந்தாலோ கம்பைலரைச் சந்தேகிக்கலாம், தப்பில்லை. ஆனால் மேஜர் வெர்ஷன் 61 புரியவில்லை என்று அழுதால் அது பக் இல்லை, ஜாவா 17-இல் கம்பைலான கிளாஸைப் பழைய வீவரிடம் (நெய்யும் கருவியிடம்) கொடுத்திருக்கிறீர்கள், ஆஸ்பெக்ட்ஜேவை 1.9.8-க்கு ஏற்றுங்கள். கெட்டர் மாதிரி மெத்தட்களைத் தானே உருவாக்கும் லோம்போக் இருக்கும் ப்ராஜெக்டில் கெட்டர் காணோம் என்று ஏஜேசி கத்தினால் முதலில் ஜாவாவின் வழக்கமான கம்பைலர் ஜாவாசியில் கம்பைல் செய்து, வந்த கிளாஸ்களை மட்டும் ஏஜேசியிடம் நெய்யக் கொடுங்கள். மெத்தடைச் சுற்றி ஓடும் அரவுண்ட் அட்வைஸில் சிக்கல் என்றால் எக்ஸ்நோஇன்லைன் ஆப்ஷன் போட்டு ஒருமுறை பாருங்கள், அதில் பிரச்சினை மறைந்தால் ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுதுங்கள், சரி செய்கிறவருக்குப் பாதித் தேடல் மிச்சம். கூடவே ஒரு கிளாஸ், ஓர் ஆஸ்பெக்ட் அளவுக்குச் சுருக்கிய கோடும் போக வேண்டும், முழு ப்ராஜெக்டை ஜிப் செய்து அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். சுருக்கிக்கொண்டே போகையில் பாதி 'பக்'குகள் நம் கையிலேயே காணாமல் போய்விடும், என்னுடையது மாதிரி.