எச்சில் படுத்தும் மதுவம்

யாழ்ப்பாணத்தில் சின்னதாக ஓர் உணவகம் நடத்தும் வாசகர் கேட்டிருக்கிறார்: “உரும்பிராய்ப் பக்கத்து முந்திரிகைப் பழத்தை (திராட்சை) வாங்கி எங்கள் கடைக்கென்றே ஒரு வைன் செய்யலாமா? வீட்டில் செய்து பார்த்தால் ஒருமுறை நன்றாக வருகிறது, மறுமுறை புளித்துப்போகிறது. ஏன்?”

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பதற்கு வைன் செய்ய மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டு உணவகங்கள் ‘எங்கள் வைன்’ என்று ஊற்றித் தருவதும் பெரும்பாலும் வேறொரு ஆலையில் செய்ததுதான். கடைக்காரர் அங்கே போய் இரண்டு மூன்று தாங்கிகளில் சுவை பார்த்து, இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு என்று கலக்கச் சொல்லித் தன் பெயரை ஒட்டிக்கொள்வார். நம்மூரிலும் வைன் புதிதல்ல. ரொசாரியன் மடத்து நெல்லிரசத்தையும் வைனையும் தெரியாதவர் இங்கே குறைவு.

இனி அறிவியல். பழத்தைத் தோலோடு நசித்து வைக்கிறோம். சிவப்பு நிறம் தோலிலிருந்துதான் வருகிறது. சாறில் உள்ள சீனியை மதுவம் (ஈஸ்ட் என்கிற நுண்ணுயிர்) எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கிறது. லீற்றருக்கு ஏறக்குறைய 17 கிராம் சீனி போனால் ஒரு சதவீத அற்ககோல் கிடைக்கும். 12 சதவீத வைன் வேண்டுமானால் 200 கிராமுக்கு மேல் சீனி தேவை. சாப்பாட்டுப் பழமாகச் சந்தைக்குப் போகும் முந்திரிகையைச் சீனி ஏறுமுன்னே பறித்துவிட்டால் 150ஐத் தாண்டுவதே பெரும்பாடு. குறைகிற சீனியைக் கையால் சேர்க்கலாம். பிரான்சில் சப்தால் என்ற இரசாயனவியலாளர் 1801இலேயே எழுதி வைத்த வழி அது. சாறின் அடர்த்தியைக் காட்டும் நீரமானி ஒன்று இருந்தால் கணக்கு முடிந்தது.

எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. சாதாரண தரத்தில் என்ன படித்தோம்? ஒட்சிசன் இல்லாவிட்டால் மதுவம் நொதிக்கும், இருந்தால் சுவாசிக்கும் என்று. வைன் மதுவமான சக்கரோமைசிசு அப்படி நடப்பதில்லை. சீனி தாராளமாக இருந்தால், ஒட்சிசன் பக்கத்திலேயே இருந்தாலும் அது நொதித்துக்கொண்டே இருக்கும். கிராப்ட்ரீ விளைவு என்று இதற்குப் பெயர். கணக்குப் பார்த்தால் படு முட்டாள்தனம். ஒரு குளுக்கோசு மூலக்கூற்றை முழுதாகச் சுவாசித்தால் கிடைக்கும் சக்தியில் சிறு பங்குதான் நொதித்தலில் கிடைக்கிறது. மிச்சமெல்லாம் எதனோலுக்குள் அடைபட்டு வெளியே போகிறது.

ஆனால் அந்தச் சாறில் மதுவம் தனியாக இல்லை. தோலில் வந்த பற்றீரியாக்களும் வேறு காட்டு மதுவங்களும் அதே சீனிக்குக் காத்திருக்கின்றன. எதனோல் நாலைந்து சதவீதத்தைத் தொட்டாலே அவற்றில் பல ஓய்ந்துவிடும். சக்கரோமைசிசு பன்னிரண்டிலும் தாக்குப்பிடிக்கும். பந்தியில் மற்றவர் தொடாதபடி எல்லா வடையிலும் எச்சில் படுத்திவிட்டு, பிறகு ஆறுதலாகத் தின்கிற பிள்ளையைப் போல. உண்மையிலேயே பிறகு தின்கிறது! சீனி முடிந்து காற்றும் கிடைத்தால், வேறொரு நொதியத்தை (தாக்கத்தை நடத்தும் புரதம்) வெளியே எடுத்து, தான் செய்த எதனோலையே மதுவம் எரிக்கத் தொடங்கும்.

செய்வதற்கு ஒரு நொதியம், தின்பதற்கு இன்னொன்று. இரண்டும் ஒரே பழைய மரபணுவின் இரு பிரதிகள். 2005இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஸ்டீவன் பென்னரின் குழு, இன்றைய மதுவங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு மூதாதை நொதியம் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து, அதை ஆய்வுகூடத்தில் செய்தே பார்த்தது. பழைய நொதியம் எதனோல் செய்வதற்கே வாகாக இருந்தது. தின்கிற பிரதி பின்னால் வந்தது. சதைப்பழங்கள் பரவத் தொடங்கிய காலத்தையொட்டி, ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது அவர்கள் மதிப்பீடு. செத்துப்போன புரதத்தை எழுப்பி விசாரித்திருக்கிறார்கள். இதைவிட நல்ல பேய்க்கதை எனக்குத் தெரியாது.

சரி, ஒருமுறை நன்றாக வந்து மறுமுறை ஏன் கெடுகிறது? நல்ல முழுப்பழத்தில் இந்த மதுவம் அரிதாகவே இருக்கும். வெடித்த, குளவி கடித்த பழத்தில்தான் அதிகம். குளவியின் குடலில் மதுவம் குளிர்காலத்தைக் கடந்து அடுத்த பழக்காலம்வரை உயிரோடிருப்பதை இத்தாலியில் 2012இல் காட்டினார்கள். ஆகவே வீட்டுச் சாடியில் யார் முதலில் வந்து சேர்வது என்பது அதிர்ஷ்டம். பொதி மதுவம் வாங்கித் தூவினால் அந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.

அடுத்த வில்லங்கம் நம்மூர் வெக்கை. நொதித்தல் தானே சூடு கிளப்பும்; வெளியே 32 பாகை என்றால் உள்ளே இன்னும் ஏறும். சூடும் எதனோலும் சேர்ந்து கலமென்சவ்வைப் பதம்பார்க்க, சீனி தீருமுன்னே மதுவம் படுத்துவிடும். குளிரூட்டிய அறையில் வைப்பது ஆடம்பரமல்ல. இதே வெக்கையில் பனைமரத்து முட்டிக்குள் காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையில் கள்ளு பொங்குகிறதே, அங்கேயும் சக்கரோமைசிசு இருக்கிறது. (முட்டியில் சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை ஏறி அது வேலை செய்யாது, கருப்பநீர் இனிப்பாகவே இறங்கும்.) தீவுப்பகுதி முட்டிகள் ஒவ்வொன்றிலிருந்தும் மதுவத்தைப் பிரித்து, சூடு தாங்குவது எது என்று பார்த்து, உறைநிலையில் சேமித்து வைக்க வேண்டும். பல்கலைக்கழகமும் கைதடிப் பனை ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர் இது. பெரிய கோயில் திருவிழா ஒன்றின் வாணவேடிக்கைக் காசை இதற்குத் தந்தால் நான் அந்தக் கோயிலுக்குக் காவடி எடுக்கவும் தயார்.

துடக்கோடு தொட்டால் சாடி கெட்டுவிடும் என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமர்களும் வைனைப் பற்றி இதையே எழுதி வைத்தார்கள். மடமைக்கும் ஏற்றுமதி உண்டு போலும். கெடுப்பது அசற்றோபற்றர் என்ற பற்றீரியா. பழ ஈயின் காலில் வந்து, காற்றுப் படும் மேற்பரப்பில் அமர்ந்து, எதனோலை வினாகிரியாக்குகிறது. நொதிக்கும்போது மேலே மிதந்து வரும் தோல்களைத் தினமும் கரண்டியால் அமுக்கிவிட வேண்டும். காய்ந்த தோல்தான் அதற்குப் பிடித்த திண்ணை. பொங்கல் அடங்கியதும் காற்று உள்ளே வராத அடைப்புப் போட்டு, சாடியைக் கழுத்துவரை நிரப்பி வைக்க வேண்டும்.

உணவகத்துக்கு இன்னொரு சங்கடம்: குவளைக் கணக்கில் விற்றால் போத்தல் நாட்கணக்கில் அரைகுறையாய்த் திறந்து கிடக்கும். மிஞ்சியதை உடனே சின்னப் போத்தலில் விளிம்புவரை ஊற்றி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளில் தீராவிட்டால் சமையலறைக்குக் கொடுத்துவிடுங்கள், ஆட்டிறைச்சி ஊறவைக்க நல்லது.